ஏரியும் எல்லைக்கோடும்

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஆலத்தூர் நாடும் ஒன்று. இம்மலையெங்கும் கோவில்காடுகள் உள. அவற்றில் கோடரி படாமல் காத்தது அரசாணை அன்று. மக்களின் வழிவழி வந்த கட்டுப்பாடே. மலையில் காட்டுக்கு அமைந்த இக்காவல், சமவெளியில் ஓர் ஏரிக்கும் அமைந்தது. அதுவே வேடந்தாங்கல்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்துள்ள இவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம் முதலியன கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயல்களுக்கு உரமாகப் பாய்கிறது. எனவே பறவையைப் பேணுவது இம்மக்களுக்கு இரக்கம் மட்டுமன்று, வேளாண்மையின் ஓர் அங்கமும் ஆகும்.

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் வாளாவிருக்கவில்லை, கலெக்டர் லயனல் பிளேசிடம் சென்று முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு வழங்கும் கவுல் எனும் உரிமைச் சாசனத்தை அவர் 1798 இல் அளித்தார். 1858 இல் அது மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. 1936 இல் அரசு இதனைச் சரணாலயமாக ஏற்றது. ஆக, ஊர் முன்னே நடந்தது. சட்டம் பின்னே வந்தது.

1998 இல் ஏரியோடு அதனைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர் நிலமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்குக் காவல் போதாதா, வயலுக்கும் ஊருக்கும் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஏரி பறவைக்கு வீடு. ஆனால் உணவு வீட்டில் இல்லை. குஞ்சுக்கு வேண்டிய மீனையும் நத்தையையும் தாய்ப்பறவை அண்டை ஏரிகளிலும் நெல்வயல்களிலும் தேடியே கொணர்கிறது. அவ்வயல்கள் ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறி, நீரில் கழிவு கலந்துவிட்டால், கூடு இருந்தும் குஞ்சு பிழைப்பது எங்ஙனம்?

2020 இல் அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தது. எதிர்ப்பு எழுந்தது, பின்னர் அது கைவிடப்பட்டது. 2022 இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பேனாவால் வரைந்த எல்லையைப் பேனாவாலேயே அழிக்க இயலும். அன்று பறவையை அச்சுறுத்தியது துப்பாக்கி. அதன் ஓசை ஊருக்கே கேட்டது. இன்று வயல் விலைபோவதும் நீர் நஞ்சாவதும் ஓசையின்றி நிகழ்கின்றன. ஆகவே முன்னோரைக் காட்டிலும் நமக்கு விழிப்பு மிகுதியாக வேண்டும்.

வேடந்தாங்கல் மக்கள் 200 ஆண்டுகளுக்கு முன் கேட்டது பரிசன்று, பணமன்று, காக்கும் உரிமை. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் நெஞ்சம் நம் ஊர்களில் இன்றும் உண்டா? ஆலத்தூர் நாட்டுக் குன்றுகளிலும் சமவெளி ஏரிக்கரைகளிலும் வாழும் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.