கடல் கடந்த வைகறைச் செபம்

சமயத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலயம் எழும்பிய ஆண்டையும், ஆயர்கள் பொறுப்பேற்ற ஆண்டையும், விழாக்களின் சிறப்பையுமே குறித்து வைப்பர். வைகறையில் எழுந்து ஒருவர் முணுமுணுத்த செபத்தை எந்த ஏடும் குறிப்பதில்லை. ஆயினும், சமயம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் சென்று சேர்வது இத்தகைய நாள்வழக்கத்தினாலேயே ஆகும். நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் கடற்கரையை ஒட்டிய சி ரூசா போன்ற வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழ்க் கிறித்தவர்கள் தம்முடன் ஆலயத்தைக் கொண்டுவர இயலவில்லை. மனப்பாடமாக இருந்த செபங்களையே கொண்டுவந்தனர். அவ்வழக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

நாளின் குறித்த வேளைகளில் இறைவனை நினைப்பது கிறித்தவத்திற்கு யூத மரபு வழங்கிய கொடையாகும். தானியேல் நாளொன்றுக்கு மும்முறை செபித்தார் என விவிலியம் கூறும். தொடக்கக் காலத் திருச்சபையின் ஒழுக்க நூலாகிய 'திதாக்கே', இயேசு கற்பித்த செபத்தை நாளும் மும்முறை சொல்லப் பணிக்கிறது. திருப்பள்ளியெழுச்சி பாடித் துயிலெழுந்த தமிழ் மண்ணுக்கும் வேளை தவறா வழிபாடு புதிதன்று. எனவே விதை வெளியிலிருந்து வந்ததாயினும் நிலம் முன்னரே பண்பட்டிருந்தது எனலாம்.

பிரான்சிசு சவேரியார் 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் செபங்களைக் கற்பிப்பார் அரியர். சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்த சிலரைக்கொண்டு விசுவாச அறிக்கை, கட்டளைகள், முதன்மையான செபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்து, அவற்றை முதலில் தாமே மனனம் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தித் தெருவெங்கும் நடந்து சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். கற்றதை வீட்டிலுள்ளோர்க்கும் அயலார்க்கும் கற்பிக்கும் பொறுப்பைச் சிறுவரிடமே ஒப்படைத்தார். ஓர் ஊரை விட்டு நீங்கும்போது செபங்களின் படி ஒன்றை அங்கே வைத்து, எழுதத் தெரிந்தோர் படியெடுத்து மனனம் செய்து நாள்தோறும் சொல்லுமாறு பணித்ததை 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவரே விவரிக்கிறார். குரு ஊரில் இல்லாத நாளிலும் வழிபாடு நடக்கவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கமாகும்.

அவருக்குப் பின் அண்டிரிக் அடிகளார் அப்பணியை எழுத்து வடிவில் நிலைநிறுத்தினார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மூத்தது அதுவே. தமிழ் அச்சுக்கலையின் தலைப்பிள்ளை நாள்வழிபாட்டுக்கு உதவும் கைந்நூலாக அமைந்தது தமிழாசிரியர்கள் கருதத்தக்க செய்தியாகும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வேறொரு வழக்கத்தை ஊன்றினார். செருமானிய பக்தி இயக்கத்தில் வளர்ந்த அவர், ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே வாசித்துத் தியானிக்கவேண்டும் என்று கருதினார். எனவே பள்ளிகளும் அச்சகமும் தோன்றின. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) இயற்றிய இசைப்பாடல்கள் ஆலயத்தில் மட்டுமன்றி இல்லத்திலும் ஒலித்தன. வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900), 'இரட்சணிய யாத்திரிகம்', 'இரட்சணிய மனோகரம்' ஆகிய நூல்களில் தமிழ்ப் பக்திப் பாட்டின் நெகிழ்ச்சியைக் கிறித்தவ வழிபாட்டுக்கு உரியதாக்கினார். மனனமும் வாசிப்பும் பாட்டும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தன.

மலாயாவுக்கும் இவ்வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. முத்துக்குளித்துறையில் மணியேந்திய சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1552இல் சீனக் கடலோரத்தில் மறைந்தபின் அவரது உடல் 1553இல் மலாக்காக் குன்றின்மேலுள்ள ஆலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், ரப்பர்ப் பயிர் பரவிய காலத்தில், அதே கரையின் வடபால் தமிழர் குடியேறினர்.

தோட்டத்து நாள் விடியுமுன்னரே தொடங்கியது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். ஆதலின் இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். பெண்கள் அதற்கும் முன்னெழுந்து அடுப்பு மூட்டவேண்டும். இந்நிலையில் காலைச் செபம் மிகச் சுருங்கத்தான் வேண்டியிருந்தது. குடும்பம் கூடியமர்ந்து செபமாலை சொல்லவும் பாடவும் மாலையே வாய்ப்பளித்தது. குருக்கள் பல தோட்டங்களைச் சுற்றிவர வேண்டியவர்கள். அவர்கள் வரும் நாள் அரிது. முத்துக்குளித்துறையில் குருவில்லாத ஊர்களுக்கென வகுத்த முறை இங்கே லயத்து வீடுகளில் மீண்டும் தேவைப்பட்டது. எழுத்தறியாத தாயும் தன் பிள்ளைக்குச் செபம் கற்பிக்க முடிந்ததற்கு மனப்பாடமே காரணமாகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் பயனாகத் தோட்டப் பள்ளிகள் பெருகியபோது, வேதத்தைத் தாமே வாசிக்கும் பழக்கத்திற்கும் வழி திறந்தது.

மனப்பாடச் செபம் பொருளுணராத ஒப்புவித்தலாகிவிடும் எனக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. நாக்கு பழகியபின் நெஞ்சு உறங்குவது மனித இயல்பு. சீகன்பால்கின் வாசிப்பு நெறி இதற்கு மருந்தாக அமைந்தது. ஆயினும், துன்பம் மிகுந்த வேளையில் புதுச்சொல் தேடும் வலிமை எவர்க்கும் இராது. அப்போது பழகிய சொல்லே துணைநிற்கும். பொருள் பிந்தி விளங்கினாலும் சொல் முந்தி இருக்கவேண்டும். திருக்குறளை இளமையில் மனனம் செய்வித்து முதுமையில் உணரவைக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர்.

இன்று தோட்டங்கள் பல மறைந்தன; ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் வீடமைப்புகளும் எழுந்துள்ளன. மக்கள் நகர்ப்புறங்களில் சிதறி வாழ்கின்றனர். பெரட்டு மணி இல்லை. அடுத்த வீட்டுச் செபவொலி சுவரைத் தாண்டிக் கேட்பதும் அரிதாயிற்று. முன்னர்ச் சூழல் தாங்கிய வழக்கத்தை இனி ஒவ்வொரு குடும்பமும் தானே தாங்கவேண்டும். அதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. தவறாத ஒரு வேளையும், தாய்மொழியில் சில சொற்களும், உடனிருந்து சொல்ல ஒருவரும் இருந்தால் போதும். முத்துக்குளித்துறைச் சிறுவர் தம் வீட்டாருக்குக் கற்பித்தபோது அவர்களிடம் இருந்ததும் அவ்வளவே.