மெழுகுத் துணி விற்று எழுந்த கிராமம்

நண்பன் கவிதை எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம். வீட்டில் போய் நிதானமாகப் படிக்கிறேன் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஓவியத்தில் அந்த வசதி இல்லை. படம் எதிரே நிற்கும். அவன் பக்கத்தில் நிற்பான். திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவன் நண்பனாக வாய்த்தான். அதனால் இந்தச் சங்கடத்தில் எனக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. அவனைப் போன்றவர்கள் 1960-களிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பது என் கட்சி. அந்த ஏற்பாட்டின் பெயர் சோழமண்டலம்.

அந்தக் கல்லூரியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பிழைப்புக்கு உதவும் கைத்தொழில்களுக்குத்தான் அங்கே வெகுகாலம் மதிப்பு. 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யக்கூட ஆரம்பித்துவைத்தார். 1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகே ஓவியமும் சிற்பமும் முன்வரிசைக்கு வந்தன. மெரினாவில் பாறையை நெம்பிக்கொண்டிருக்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. அதன் முன் நின்று 'ஒண்ணும் புரியலையே' என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பின் 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அவரிடம் படித்த பிள்ளைகள் வேறு மாதிரி வரைந்தார்கள். அப்படி வரைந்ததை வாங்க மெட்ராஸில் ஆள் இல்லை. படித்து முடித்தவர்கள் நெசவாளர் சேவை மையத்தில் புடவைக்கு டிசைன் போட்டார்கள், விளம்பரக் கம்பெனிக்குப் போனார்கள். வேலைக்குப் போனவன் சாயங்காலம் களைத்துத் திரும்பி எதை வரைவது?

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி பாத்திக். உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டிச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மட்டும் சாயம் மயிரிழைபோல உள்ளே ஓடும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். ஒரு கைவினைச் சங்கம் வைத்து அந்தத் துணிகளை விற்றார்கள். சேர்ந்த பணத்தில் இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966-ல் சுமார் 40 ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே மின்சாரம் கிடையாது. மணல்தான்.

என் நண்பன் செய்த பாத்திக் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. நீலத்தில் ஒரு காளை. அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை, வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவாள். கேன்வாஸில் அவன் போட்டதோ எனக்குப் பிடிபடவே இல்லை. பழுப்பில் பெரிய பரப்பு, மூலையில் ஒரு சிவப்பு.

"நல்லா இருக்குடா" என்பேன்.

"அதை விடு. கண்ணு முதல்ல எங்க போச்சு?" என்பான்.

"அந்தச் சிவப்புக்கு."

"அப்புறம்?"

அப்புறம் எங்கே போயிற்று என்று பார்க்க, மறுபடி படத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பாராட்டைக் கேட்காமல் பாதையைக் கேட்டான். பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பொய் சொல்லலாம். கண் எங்கே போயிற்று என்பதற்குப் பொய் சொல்வது கஷ்டம்.

இத்தனைக்கும் பணிக்கரே ஆரம்பத்தில் எல்லோருக்கும் பிடித்த நீர்வண்ண நிலக்காட்சிகள் வரைந்தவர். 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்கு, மலையாள எழுத்துப் போன்ற கிறுக்கல்கள் வரிவரியாக ஓடும். எழுத்து என்று நினைத்துக் கிட்டே போனால் வாசிக்க வராது. பிழை தேடியே சம்பளம் வாங்கிய எனக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு வேண்டாம். ஆனாலும் வாசிக்க முடியாது என்று தெரிந்த பிறகு பார்ப்பதற்கு நிறைய இருந்தது: எங்கே நெருக்கியிருக்கிறார், எங்கே காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார் என்று. ஒரு பக்கத்தின் அமைப்பைப் பார்ப்பது என் தொழில்தானே.

என் தொழில் வழியாகத்தான் இன்னொரு கதவும் திறந்தது. அன்று சிறுபத்திரிகைகளுக்குப் பணம் கிடையாது. புகைப்படம் போட ஹாஃப்டோன் பிளாக்கும் வழவழப்புத் தாளும் வேண்டும். கோட்டுச் சித்திரத்துக்கு ஒரு துத்தநாக லைன் பிளாக் போதும். சாதாரணத் தாளிலும் பளிச்சென்று விழும். மெட்ராஸ் ஓவியர்களின் பலமோ கோடு. இரண்டு தரப்பும் கைகோத்ததில் ஆச்சரியமில்லை. காந்தியை விதவிதமாக வரைந்த கே.எம். ஆதிமூலம், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கும் படம் போட்டார். கோட்டின் வழியே அவரை நேசித்த வாசகர்களில் பலர், பிற்பாடு அவர் வெறும் வண்ணங்களாகவே எண்ணெய் ஓவியம் தீட்டியபோது என்னைப் போலத்தான் விழித்தார்கள். அதற்காக அவர் கோட்டுக்குத் திரும்பி வரவில்லை.

இங்கேதான் பாத்திக்கின் அருமை. காளை விற்ற காசு அரிசிக்கும் கூரைக்கும் ஆயிற்று. ஆகவே பழுப்புப் பரப்பு யாருக்கும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நண்பர்களை வாடிக்கையாளராக்காமல் நண்பர்களாகவே வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை மேலேயே சோழமண்டலம் இருக்கிறது. 2009 முதல் நல்ல அருங்காட்சியகமும் உண்டு. மனைகளின் விலை ஏறிய ஏற்றத்தில், துணி விற்று அங்கே நிலம் வாங்குவது இனி நடக்காது. புதிதாக வரைய வரும் பிள்ளைகள் தெரிந்தவர்களின் பாராட்டையும் பர்ஸையும் நம்பித்தான் கண்காட்சி வைக்கிறார்கள். அங்கே போய் யாரும் உண்மை பேசுவதில்லை, நானும்தான்.

என் நண்பனிடம் மட்டும் இன்றும் 'இது எனக்கு ஒட்டவில்லை' என்று சொல்கிறேன். அவன் சிரித்துவிட்டு, கண் எங்கே போயிற்று என்று கேட்கிறான். அப்படிச் சொல்லும் உரிமை என் ரசனையால் வந்ததல்ல. அன்று அவர்கள் மெழுகு காய்ச்சிச் சம்பாதித்தது.