படவீழ்த்தியும் மின்னொளியும்: மைசூர் அரசும் தென்னகத் திரைத்தொழிலின் தொடக்கமும்

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் படங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எது முதற்படம், யார் முதல் இயக்குநர், எந்த ஆண்டில் பேசும்படம் வந்தது என்னும் வினாக்களே ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. ஆனால் தமிழகத்தில் ஒரு கதைப்படம் எடுக்கப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே படத்தொழில் இங்கு வேரூன்றிவிட்டது. அத்தொழிலின் முதலீடு படம் அன்று, கருவி. படவீழ்த்தியை வைத்திருந்தவரே தொழிலதிபர். அக்கருவிக்கு வேண்டிய ஒளி எங்கிருந்து வந்தது என்ற வினாவை எழுப்பினால் தென்னகத் திரைவரலாற்றில் மைசூர் அரசுக்குரிய இடம் புலப்படும். இக்கட்டுரை அவ்வினாவையே பின்தொடர்கிறது.

1896 சூலை 7ஆம் நாள் பம்பாய் வாட்சன் விடுதியில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. அவர்களது கருவி படம்பிடிக்கவும், படி எடுக்கவும், திரையில் வீழ்த்தவும் ஒருங்கே பயன்பட்டது. ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள படச்சுருள் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஓடும். விளக்கின் வெப்பம் சுருளைக் கருக்கிவிடாதிருக்க, நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையே ஒளிகுவிக்கும் ஆடியாகப் பயன்படுத்தப்பட்டது. லூமியேர் சுருளில் ஒரு படச்சட்டத்திற்கு இருபுறமும் ஒவ்வொரு வட்டத் துளை; எடிசன் சுருளில் ஒரு புறத்திற்கு நான்கு துளைகள். எனவே ஒன்றின் படம் மற்றொன்றின் கருவியில் ஓடாது. கருவியை வாங்கியவர் அதற்கேற்ற படங்களையே தேட வேண்டியிருந்தது என்பதைத் திரைவரலாற்று நூல்கள் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.

மின்சாரம் இல்லாத ஊர்களில் ஒளியே பெருஞ்சிக்கல். ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்களின் சுடரில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கச் செய்து பெறும் வெண்ணொளி ஒரு வழி. ஈதர் ஆவியைக் கொண்டு எரியும் விளக்கு மற்றொரு வழி. 1897 மே 4ஆம் நாள் பாரிசில் ஓர் அறச்சந்தையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட தீ, படக்காட்சிக்குரிய ஈதர் விளக்கிலிருந்தே எழுந்தது. படச்சுருளோ நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் நீருக்கும் அடங்காது. கூரைக் கொட்டகைகள் மிகுந்த நம் நாட்டில் இவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர்களின் துணிவை நாம் இன்னும் சரியாக அளவிடவில்லை.

அவர்களுள் தலையாயவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணிபுரிந்த இவர், 1905இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படவீழ்த்தியையும் படங்களையும் வாங்கினார். விலை 2,250 ரூபாய் என்பர். அவரது மாத ஊதியம் 25 ரூபாய் என்று கூறப்படுவதோடு ஒப்பிட்டால், இஃது ஏழரை ஆண்டு ஊதியம். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவரிடமிருந்த படங்களுள் ஒன்று.

அவர் ஏன் ஊர்விட்டு ஊர் சென்றார்? ஊக்கமும் சாகசமும் மட்டும் காரணமல்ல. அக்காலத்தில் படங்கள் வாடகைக்குக் கிடைக்கவில்லை. அடிக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டன. கைவசமுள்ள சில சுருள்களை ஓரூர் மக்கள் இருமுறை பார்ப்பர், மும்முறை பார்ப்பர், பின்பு வரமாட்டார்கள். படத்தை மாற்ற இயலாதவர் பார்வையாளரை மாற்ற வேண்டும். கூடாரக் காட்சியின் பொருளியல் அடிப்படை இதுவே எனலாம். 1907இல் பிரான்சில் பாதே நிறுவனம் விற்பனையை விடுத்து வாடகை முறைக்கு மாறத் தொடங்கியது. வாடகைமுறை இந்தியாவிலும் பரவிய பின்னரே ஓரிடத்தில் நிலைத்திருந்து வாரந்தோறும் படம் மாற்றும் அரங்கம் இலாபம் தருவதாயிற்று. வின்சென்ட் பாதே கருவிகளை விற்கும் முகவராகிப் பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் அரங்கை 1914இல் நிறுவியது இம்மாற்றத்தோடு பொருந்துகிறது.

சென்னையில் ஒளிப்படக் கலைஞரான ரகுபதி வெங்கையா இதனினும் பெரிய துணிவு கொண்டார். 1909ஆம் ஆண்டளவில் குரோனோமெகாபோன் என்னும் கருவியை அவர் வாங்கினார். விலை 30,000 ரூபாய் எனக் குறிக்கப்படுகிறது. படம் ஒரு கருவியிலும் ஒலி இசைத்தட்டிலுமாக ஓட, அழுத்தப்பட்ட காற்றின் உதவியால் ஒலி பெருக்கப்பட்டது. இரண்டும் சற்றே பிசகினாலும் வாய் ஓரிடத்திலும் சொல் ஓரிடத்திலுமாகிவிடும். பேசும்படம் 1931இல் திடீரென வந்ததாகக் கருதுவோர் இக்கருவியை நினைவிற் கொள்ளுதல் தகும்.

இனி மைசூர். திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் வித்திடப்பட்ட சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. 1905இல் பெங்களூரும் 1908இல் மைசூர் நகரமும் அம்மின்னொளியைப் பெற்றன. வின்சென்ட் கருவி வாங்கிய ஆண்டிலேயே பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது என்பது கருதத்தக்கது. கோயம்புத்தூர்ப் பகுதிக்குப் பைக்காரா மின்சாரம் 1932க்குப் பின்னரே வந்தது. அதுவரை அங்கு அரங்கம் நடத்துவோர் எஞ்சினையும் மின்னாக்கியையும் நம்ப வேண்டியிருந்தது.

ஆயினும் ஊருக்கு மின்சாரம் வந்தவுடன் படவீழ்த்தியின் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. கார்பன் குச்சிகள் இரண்டினிடையே எழும் சுடர் நேர்மின்னோட்டத்திலேதான் நடுங்காது எரியும். சிவசமுத்திரத்து மின்சாரமோ மாறுமின்னோட்டம். அதுவும் வினாடிக்கு 25 சுற்றுகளே உடையது. அதை நேராக விளக்கிற்குக் கொடுத்தால் திரை துடிக்கும். எனவே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் கருவியும் தேவைப்பட்டது. குச்சி எரிந்து குறையக் குறைய அதை நெருக்கிக்கொண்டே, மறுகையால் சீராகச் சுருளைச் சுழற்றியவர் ஆபரேட்டர். அவர் கை தளர்ந்தால் திரையில் நடப்பவன் தள்ளாடுவான்.

மைசூர் அரசின் நிலப்பகுதி தமிழ்ப் படத்தோடு தொடர்புறும் மற்றோரிடம் பெங்களூர்ப் படச்சாலை. தென்னகத்தின் முதற் கதைப்படமாகிய கீசகவதத்தை நடராச முதலியார் சென்னை மில்லர்ஸ் சாலையில் எடுத்தார். ஆண்டு 1917 என்றும் 1918 என்றும் குறிக்கப்படுகிறது. 1,800 ரூபாய்க்குத் தஞ்சைச் செல்வர் ஒருவரிடம் வாங்கிய வில்லியம்சன் கருவியால் படம் பிடிக்கப்பட்டது. ஆனால் சென்னையின் வெப்பத்தில் சுருளைக் கழுவினால் அதன் மேற்பூச்சு இளகும். ஆகவே குளிர்ந்த தட்பவெப்பம் கருதிப் பெங்களூரில் சாலை அமைத்து, வாரக் கடைசிதோறும் அவர் அங்குச் சென்று வந்தார். பனிக்கட்டியும் குளிர்கருவியும் எளிதிற் கிட்டாத காலத்தில் மூவாயிரம் அடி உயரமே அவருக்குக் குளிர்கருவி. முதற்படம் எங்கே பிறந்தது என்று வினவுவோர், சென்னையில் எடுக்கப்பட்டுப் பெங்களூரில் கண்திறந்தது என்று விடை கூறுதல் பிழையாகாது.

1923இல் முதலியாரின் நிலையம் தீக்கிரையாயிற்று. அவருடைய மகனும் தீயில் மாண்டார். அதன்பின் அவர் படமெடுக்கவில்லை.