பருவகால அறை வாடகை: ஏற்காட்டிலிருந்து மக்கா வரை

'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டுக்கு ஒரு பெயருண்டு. மே மாதத்தில் அங்கு அறை தேடி அலைந்தவர்கள் அப்பெயரை எளிதில் ஒப்பமாட்டார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும் நாட்களில், சாதாரண வார நாளின் வாடகை எங்கோ உயர்ந்துவிடுகிறது. விடுதிகள் மட்டுமின்றி, காப்பித் தோட்டத்து வீடுகளை இணையத்தின் வழியே நாள் வாடகைக்கு விடுவோரும் இரவுக்கு இரவு தொகையை மாற்றுகின்றனர். இது முறைதானா என்ற வினா நம்மிடையே அடிக்கடி எழுகிறது. வினா புதியதன்று.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி கும்பினியாருக்குக் கைமாறியது. 1820களில் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டக்காரர்களும், சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேய அதிகாரிகளும் அங்குப் பங்களாக்கள் எழுப்பினர். குளிர்ச்சி ஆண்டு முழுவதும் இருக்கிறது. அதைத் தேடி மக்கள் திரள்வதோ சில மாதங்களில்தான். வாடகை ஏற்ற இறக்கத்தின் வேர் இதுவே. தவிரவும், காலியாகக் கழிந்த இரவை மறுநாள் எடுத்து விற்க இயலாது. விமானத்தின் காலி இருக்கையும் அப்படியே. 1980களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் தேவைக்கேற்பக் கட்டணத்தை மாற்றும் முறையை வளர்த்தன. விடுதிகள் அதைப் பின்பற்றின. 2015இல் ஏர்பிஎன்பி நிறுவனம் அக்கணக்கைக் கணினியிடமே ஒப்படைக்கும் வசதியை வீட்டுக்காரர்களுக்கு அளித்தது.

நம் அரசு அறை வாடகையை நிர்ணயிப்பதில்லை. ஆயினும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் தருவது 7,875. வாடகையை 100 ரூபாய் கூட்டினால் அது 8,968 ஆகிவிடும்!

ஏற்காட்டார் 'சீசன்' என்பதை அரபியர் 'மவ்சிம்' என்பர். ஆங்கிலத்தின் 'மான்சூன்' அச்சொல்லின் வழித்தோன்றலே. மவ்சிம் என்றதும் அரபியரின் நினைவுக்கு வருவது ஹஜ்ஜுக் காலம். மக்காவாசிகள் அக்காலத்தில் தம் வீடுகளை வாடகைக்கு விடலாமா என்பது ஃபிக்ஹு நூல்களில் நெடிய விவாதம். உள்ளூரார்க்கும் வெளியூரார்க்கும் சம உரிமை கூறும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 25ஆம் வசனம் அதன் அடிப்படை. ஹாஜிகள் விரும்பிய இடத்தில் தங்கட்டும் என்பதற்காக, வீடுகளுக்குக் கதவு பொருத்துவதையே கலீஃபா உமர் (ரலி) தடுத்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஹஜ்ஜுக் காலத்து வாடகையை வெறுத்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அனுமதித்தார்கள். இஸ்ஹாக் இப்னு ராஹவைஹியுடன் இது குறித்து அவர்கள் நடத்திய வாதம் புகழ்பெற்றது. சிறைச்சாலைக்காக ஸஃப்வானின் வீடு உமர் (ரலி) காலத்தில் விலைக்கு வாங்கப்பட்டதும் அனுமதித்தோரின் சான்றுகளில் ஒன்று. வாங்க முடிந்த வீட்டை வாடகைக்கு விட ஏன் முடியாது என்பது அவர்கள் வாதம்.

மக்காவின் புனிதம் ஏற்காட்டுக்கு இல்லை. அவ்விவாதத்தை அப்படியே இங்குப் பொருத்துவது மிகை. பொது விதியையே நோக்க வேண்டும். மதீனாவில் விலை ஏறியபோது அதை நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) இசையவில்லை. ஆகவே தேவை கூடும்போது வாடகை கூடுவது மட்டுமே குற்றமாகாது. ஆனால் 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) ஒரு நிலையைத் தனியே பிரித்துப் பேசுகிறார். வேறு தங்குமிடமே இன்றி ஒருவரின் வீட்டிலோ சத்திரத்திலோ தங்கும் நிர்ப்பந்தம் ஏற்பட்டோருக்கு உரிமையாளர் இடமளித்தே ஆகவேண்டும் என்பது அவர் கூற்று. கூலி பெறலாம் என்போரும், அவ்விடத்துக்குரிய வழக்கமான வாடகைக்கு மேல் கேட்பதைத் தடுத்திருக்கின்றனர். உல்லாசப் பயணிக்கு அந்நிர்ப்பந்தம் இல்லை. அவர் சேலத்திலேயே தங்கலாம். மழையில் மலைப்பாதை அடைபட்டு, இரவில் குழந்தைகளோடு நிற்பவருக்கு உண்டு.

இதைவிடக் கவலைக்குரியது வேறு. ஏப்ரலில் உறுதி செய்த முன்பதிவை, மே மாதத்தில் கூடுதல் தொகை தருபவர் வந்ததும் 'பழுதுபார்ப்பு' என்று சொல்லி ரத்துசெய்யும் பழக்கம். வாடகையும் நாளும் தெளிவாகப் பேசி முடித்த இஜாரா கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாகும். தக்க காரணமிருப்பின் அதை முறிக்கலாம் என்னும் ஹனஃபி அறிஞர்களும், கூடுதல் வாடகை கிடைப்பதை அத்தகைய காரணமாக ஏற்கவில்லை. பிற்காலத்தார் வக்ஃபுச் சொத்துக்கு மட்டும், அதன் நலன் கருதி விலக்களித்தனர். சொந்தத் தோட்டத்து வீட்டை வாடகைக்கு விடுபவர் அச்சலுகையைக் கோர இயலாது. தொகையை உயர்த்த விரும்பினால் இன்னும் எவருக்கும் உறுதி செய்யாத இரவுகளுக்கே உயர்த்தலாம்.