கடைமடைக்கு வந்த மின்சாரம்

காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீசுவரர் ஆலயம் இருக்கிறது. தேவாரம் திருத்தெளிச்சேரி என்று குறிப்பிடும் தலம் அதுவே. இறைவன் உழவராக வந்து விதை தெளித்தார் என்பது தலபுராணம்; ஊர்ப்பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வர். அரசலாறு கடலில் கலக்கும் இப்பகுதியாருக்குக் கடைமடை என்ற சொல்லை எவரும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த நீரை வழியிலுள்ள மடைகளெல்லாம் குடித்தபின் மிஞ்சுவதே இங்கு வந்து சேரும். மின்சாரத்துக்கும் ஒரு கடைமடை உண்டென்பதை நான் அறிந்துகொண்டது கோவில்பத்தில், பெரியப்பா வீட்டுத் திண்ணையில்.

எண்பதுகளின் தொடக்கம். மாலை ஆறரைக்கு விளக்கேற்றினால் அறுபது வாட் குண்டு பல்பு பூசணிப்பூ நிறத்தில் எரியும். குழல்விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும், பற்றாது. பதினோரு மணிக்கு மேல் தெரு அடங்கியதும் அதே பல்பு பளீரென்று விழித்துக்கொள்ளும். "இப்பத்தான் நம்ம முறை வந்திருக்கு" என்பார் பெரியப்பா, ஏதோ வாய்க்கால் முறைவைத்துத் திறந்துவிட்டதைப் போல. பல்பின் தலையில் 230 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனபோதுதான் அவர் சொன்னது வெறும் கேலியன்று என்பது புரிந்தது.

1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ள் தெருவில் எடிசன் தமது மின்நிலையத்தை இயக்கினார். நேர்மின்சாரம், ஏறத்தாழ 110 வோல்ட். அக்காலத்துக் கரியிழை விளக்குகள் தாங்கக்கூடியது அவ்வளவே. ஆனால் நிலையத்திலிருந்து ஒரு மைலைத் தாண்டுவதற்குள் விளக்குகள் மங்கின. ஆக, மின்வழங்கல் பிறந்த அன்றே அதன் கடைமடையும் பிறந்துவிட்டது.

இதற்கான மருந்தும் விரைவில் தெரிந்தது. மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே இழப்பு கால் பங்காகிவிடும். 1899இல் பெர்லின் நகர மின்நிறுவனம் 220 வோல்ட்டுக்கு மாறத் தீர்மானித்தது. வாடிக்கையாளர்களின் கருவிகளை மாற்றும் செலவைச் செம்புக்கம்பியில் கிடைத்த மிச்சமே ஈடுசெய்தது. நம் வீட்டு மின்னழுத்தத்தின் குலமுதல்வர் இந்தக் கணக்குத்தான். அறிவியலைவிடச் செம்பின் விலைக்கே இதில் பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு ஐரோப்பியக் கண்டம் பெரும்பாலும் 220ஐயும் இங்கிலாந்து 240ஐயும் பற்றிக்கொண்டன. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியா 230, 240 என்று பழகியது. 1954 வரை காரைக்காலை நிர்வகித்த பிரான்ஸிலோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் பல வீடுகளில் 110ம் 127ம் நீடித்தன. 1983இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 230/400 என்பதைப் பொது எண்ணாகப் பரிந்துரைத்தது. அதன்பின் பல நாடுகளில் மாறியது தாளிலிருந்த எண்தான். கம்பியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

அந்த 400 எங்கிருந்து வந்தது? 1891இல் ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரை லாஃபனிலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்ஃபர்ட்டுக்கு மும்முனை மின்சாரம் அனுப்பப்பட்டது. முக்கால் பங்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை உலகம் வியந்து பார்த்தது. பதினோரே ஆண்டுகளில், 1902இல், காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு, சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்கு, மின்சாரம் போயிற்று. அச்சுரங்கத்தில் இறங்கியோரில் பெரும்பகுதியினர் தமிழர். நம் காவிரி நீர் காரைக்காலை அடையுமுன்பே மின்சாரமாகிக் கோலாரை அடைந்த கதை இது.

மும்முனையில் உயிருள்ள கம்பிகள் மூன்று, நியூட்ரல் ஒன்று. எந்தக் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு உயிர்க்கம்பிகளுக்கிடையே அதன் 1.732 மடங்கு, அதாவது 400. வீடு ஒரு முனையோடு திருப்தியடைகிறது. அரிசி ஆலையும் ஐஸ் தொழிற்சாலையும் மூன்றையும் கேட்கின்றன. மூன்றும் முறைவைத்துத் தள்ளுவதால் பெரிய மோட்டார் சீராகச் சுழலும்.

தெருமுனை மின்மாற்றியின் பலகையைப் பார்த்தவர்கள் அதில் 11,000/433 என்ற எண்களைக் கண்டிருக்கலாம். 433ஐ 1.732ஆல் வகுத்தால் 250 வரும். தலைப்பிலேயே 250 கொடுத்தனுப்பினால்தான் வழியில் குறைந்து கடைசி வீட்டுக்கு 230 சேரும் என்பது ஏற்பாடு. வாய்க்கால் தலைப்பில் நீர்மட்டத்தை உயர்த்தி வைப்பதும் இதுவும் ஒன்றே. கம்பி மெலிந்து, நீண்டு, இணைப்புகளும் பெருகினால் கடைசி வீட்டுக்கு 180தான் வரும். அப்போது அறுபது வாட் பல்பு வாங்குவது சுமார் 40 வாட். ஒளியோ பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

விளக்கு மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டார் அப்படியன்று. மின்னழுத்தம் குறைந்தால் அதன் முறுக்குவிசை வர்க்க விகிதத்தில் குறைகிறது. அதே நீரை இறைக்க அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, சூடேறுகிறது, காயில் கருகுகிறது. பெரியப்பாவின் பம்புசெட் ஒரே குறுவையில் இருமுறை கருகியது. ஆற்றுநீர் கடைமடைக்கு எட்டாத ஆண்டு அது. அதனால்தான் மோட்டாரை நம்பியிருந்தார். காயில் கட்டி வருவதற்குள் நாற்றங்கால் வெடித்துவிட்டது. அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் ஆறு விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54ஆம் விதி சொல்லிற்று. விதி மீறப்பட்டபோது காயில் கட்டிய கூலியைக் கொடுத்தவர் கடைசிக் கம்பத்துக்காரர்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வசதியுள்ளவர் ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அது 180ஐ 230 ஆக்குவதற்குக் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் அண்டைவீட்டு மின்னழுத்தம் இன்னும் சற்றுத் தாழும். வாய்க்காலில் ஆயில் எஞ்சின் வைத்து இறைப்பவர் கீழ்மடைக்காரருக்குச் செய்வதை, நாம் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு சத்தமின்றிச் செய்தோம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

2000ஆம் ஆண்டில் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காவிரிப் படுகையின் எரிவாயுவே அதன் எரிபொருள். ஆயினும் நிலையம் அருகில் இருப்பதால் மட்டும் கடைசி வீட்டு விளக்கு பிரகாசிப்பதில்லை. அதை முடிவுசெய்வது தெருவின் கம்பி எவ்வளவு தடித்தது, மின்மாற்றி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே.

இன்று மாடிகளில் சூரியத்தகடுகள் வந்துவிட்டன. ஒரே கம்பித்தடத்தில் பல வீடுகளில் அவை இருந்து, உச்சிவெயிலில் பயன்பாடும் குறைவாக இருந்தால், மின்சாரம் எதிர்த்திசையில் மின்மாற்றியை நோக்கி ஓடும். அப்போது மின்னழுத்தம் மிக அதிகமாக இருப்பது கடைசி வீட்டில்தான். வரம்பு மீறினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். உற்பத்தி நட்டமும் அந்தக் கடைசி வீட்டுக்காரருடையதே.