கேட்டுச் சமைத்த காலம்

புனே ஒருகாலத்தில் சாகாஜி போன்ஸ்லேயின் ஜாகீராக விளங்கிற்று. அவர் மைந்தர் ஏகோஜி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். அம்மரபில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்து அரண்மனைச் சமையல் முறைகள் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என ஏட்டில் ஏறின.

இல்லங்களின் பாகசாஸ்திரமோ வாய்மொழியாகவே வாழ்ந்தது. சுற்றத்தார் ஓயாது செய்முறை கேட்டதன் பயனாகவே, 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. கேள்வியே அந்நூலின் தாய் எனலாம்.

நூல் வந்தபின்னும் பேச்சு ஓயவில்லை. ராஸ்தா பேட்டையில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காவிடில், பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தும்படி அடுத்த வீட்டு மாமி சொல்வார். மராத்தி அம்மையார் ஆம்டிக்கு ஆமசூல் இடும் பக்குவம் உரைப்பார். நாம் ரசப்பொடியின் அளவு உரைப்போம். அடுப்படி உரையாடலில் இரு மொழிகளும் உறவு கொண்டன.

இன்று கைப்பேசி நொடிப்பொழுதில் செய்முறை தருகிறது. ஆனால், “புளி பழையதா, புதியதா? எத்தனை பேர் உண்பீர்கள்?” என்று அன்று நம்மைத் திருப்பிக் கேட்டவர் அந்த மாமி. அவ்வினாக்களில் அன்றோ அனுபவமும் அன்பும் உறைந்திருந்தன!

நம் மூத்தோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஒரு குழம்பின் பக்குவத்தையேனும் அவர்களிடம் கேட்போம், அருகிருந்து எழுதுவோம். கேட்பாரற்ற கலை அவர்களோடு மறைந்துவிடும்.