வெள்ளை எதுன்னு யார் முடிவு பண்றது?

வீட்டுல தொண்ணூறுகள் காலத்து ஆல்பம் இருந்தா புரட்டிப் பாருங்க. ப்ளாஷ் போடாம குண்டு பல்ப் வெளிச்சத்துல எடுத்த படம் ஆரஞ்சா இருக்கும். எங்க அரக்கோணம் ஜங்ஷன் பிளாட்பாரம் மாதிரி டியூப் லைட் எரியுற இடம்னா, லேசா பச்சை அடிக்கும். ஆனா அன்னைக்கு நேர்ல பார்த்தவங்களுக்கு வெள்ளைச் சட்டை வெள்ளையாத்தான் தெரிஞ்சிருக்கும். வெளிச்சம் மாறினா நம்ம மூளை சரிபண்ணிக்கும். பிலிமுக்கு அது தெரியாது.

ஒளியின் நிறத்தை கெல்வின்ல சொல்றோம். 1848-ல் வில்லியம் தாம்சன் முன்வைத்த வெப்ப அளவுகோல் அது. அவர்தான் பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார். கொல்லன் உலையில இரும்பு முதல்ல சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். அதே கணக்குதான். குண்டு பல்ப் சுமார் 2,800 கெல்வின், நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5,500.

பிலிம்ல இந்த எண்ணை ஃபேக்டரியிலேயே முடிவு பண்ணிடுவாங்க. லேப்ல பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு அட்டை அனுப்பும். பேரு ஷெர்லி கார்டு. அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம். அந்தத் தோல் சரியா வந்தா எல்லாம் சரி! கருத்த முகங்கள் விவரமே இல்லாம இருட்டா விழுந்தன. கோடாக்கில் வேலை பார்த்தவங்க பின்னாளில் சொன்னது இன்னும் வேடிக்கை. பழுப்பு நிறம் சரியா வரலைன்னு கம்பெனியை அசைத்தவங்க சாக்லேட், மர ஃபர்னிச்சர் தயாரிப்பாளர்கள்தானாம்.

பழுப்புல எத்தனை வகைன்னு நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கேளுங்க. ஒரு விளக்குல ஒண்ணா தெரியுற ரெண்டு தோல், இன்னொரு விளக்குல வேற வேறயா தெரியும். அதனால தோல் தொழில்ல சாம்பிளோட ஷேடு பார்க்க லைட் பாக்ஸ் உண்டு. அதுல முக்கியமான ஒளி டி65, அதாவது பகல் வெளிச்சத்துக்கு நிகரான 6,500 கெல்வின். முதல்ல ரெண்டு பேரும் ஒரே ஒளிக்கு ஒத்துக்கணும், அப்புறம்தான் நிறத்தைப் பத்திப் பேச்சு.

ஒயிட் பேலன்ஸும் அதுதான். ஆட்டோல விட்டா கேமரா குத்துமதிப்பா ஊகிக்கும். மஞ்சள் பூ, பட்டு, தங்கம் நிறைஞ்ச கல்யாண மேடையில ஏமாந்து, நீலத்தைக் கூட்டி முகத்தை வெளிறடிக்கும். அதே விளக்குக்குக் கீழ ஒரு சாம்பல் நிற அட்டையைக் காட்டி செட் பண்ணுங்க. ரா ஃபைல்ல எடுத்தா அப்புறமும் மாத்தலாம். மாத்தும்போது எதிர்ல நின்னவரோட உண்மையான நிறத்தை மனசுல வெச்சு மாத்துங்க. ஷெர்லி கார்டு காலத்துல நம்ம தாத்தா பாட்டிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கல.